இடப்பக்கத்து ஸலாம்

ஜெலுத்தோங் ரோட்டிலிருந்து பிரியும் செம்மண் பாதையின் கடைசியில் அந்தப் பழைய பங்களா இருந்தது. கீழ்த்தளத்தில் டாக்டர் ஆர்தர் கண் நோயாளிகளைப் பார்த்தார். மாடியில் நாலு இரும்புக் கட்டில் போட்ட வார்டு. 1936ஆம் ஆண்டு, மழை ஓய்ந்திருந்த ஒரு காலையில் கமாலுதீன் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கி, படிகளைக் காலால் தடவித் தடவி ஏறினான். உலகத்தின் கீழ்ப்பாதி அவனுக்குத் தெரியவில்லை.

பின்னால் அவன் மனைவி சலேஹா தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கமாலுதீன் ஆச்சின் ஸ்ட்ரீட்டில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன். இடது கண் நாலு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. ஒருநாள் தூங்கி எழுந்தபோது அந்தக் கண்ணில் சிவப்புப் புகை மண்டியிருந்தது. உள்ளே ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். புகை கறுத்தது, பிறகு எதுவுமே இல்லை. மிச்சமிருந்த வலது கண்ணில் பத்து நாளுக்கு முன் மின்னல் மின்னலாக வெட்டியது. மறுநாள் கரித்தூள் கொட்டியதுபோல் புள்ளிகள் மிதந்தன. மூன்றாம் நாள் இடது கீழ்மூலையிலிருந்து ஒரு கறுப்புத் திரை எழும்பத் தொடங்கியது. அது தினமும் அரை விரல்கடை ஏறியது.

இருட்டறையில் டாக்டர் அவன் கண்ணுக்குள் கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"விழித்திரை கிழிஞ்சிருக்கு. ஈரம் பட்ட சுவரிலேர்ந்து காகிதம் உரிஞ்சு வருமே, அப்படி உரிஞ்சு வருது. கிழிசல் மேலே, வலது ஓரத்தில."

"திரை கீழேயிருந்துல்ல ஏறுது டாக்டர்? அதுவும் இடப்பக்கம்?"

"கண்ணுக்குள்ள எல்லாம் தலைகீழாத்தான் விழும். இடம் வலமாயிரும். மேலே கிழிஞ்சா கீழே இருட்டும்."

"எங்க அச்செழுத்து மாதிரி," என்றான் கமாலுதீன்.

டாக்டர் சிரித்தார். "அதேதான். கிழிசலைச் சுத்தி ஊசியால சுடப்போறேன். சுட்ட இடம் வடுவாகி ஒட்டிக்கும். வடு இறுகப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் மல்லாந்து படுக்கணும். ரெண்டு கண்ணையும் கட்டிருவேன். தலை அசையவே கூடாது."

"அசைஞ்சா?"

"உரிஞ்சிரும். மறுபடியும் ஒட்டுமான்னு கேட்டா, ஒட்டாது."

சலேஹாவின் கையிலிருந்த பெட்டி தரையில் இடித்துக்கொண்டது.

தொழுகையைப் பற்றிப் பள்ளிவாசல் இமாமிடம் முன்பே கேட்டு வந்திருந்தான். படுத்தபடியே, உதட்டளவில் தொழலாம், நோயாளி தலையை அசைக்க வேண்டியதில்லை என்று அவர் சொல்லியிருந்தார். ஆனாலும் கமாலுதீனுக்கு ஒரு பயம் இருந்தது. தொழுகையின் முடிவில் முகத்தை வலப்பக்கம் ஒருமுறையும் இடப்பக்கம் ஒருமுறையும் திருப்பி ஸலாம் சொல்ல வேண்டும். ஏழு வயதிலிருந்து நாளுக்கு ஐந்து வேளை திரும்பிப் பழகிய கழுத்து. அதை எப்படிப் பிடித்து நிறுத்துவது?

அறுவை முடிந்ததும் அவனைச் சுவரோரக் கட்டிலில் கிடத்தினார்கள். தலையின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்தார்கள். வார்டைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர் வின்சென்ட் கட்டிலின் கால்மாட்டில் நின்று பேசினான். சின்ன வயசுக் குரல்.

"அண்ணே, இங்க ஒரு பழக்கம் இருக்கு. கண்ணு கட்டினவங்களைத் திடீர்னு கூப்பிட்டா சட்டுனு திரும்பிருவாங்க. அதனால யாரு வந்தாலும் மொதல்ல உங்க கால் கட்டைவிரலைப் பிடிப்போம், பேரைச் சொல்லுவோம். அப்புறந்தான் பேச்சு. நானு, நர்ஸ் அமலம்மாள் மிஸ்ஸி, டாக்டர், உங்க வீட்டுக்காரம்மா, எல்லாருக்கும் இதுதான். விரலைப் பிடிக்காம, பேரைச் சொல்லாம யாராச்சும் கூப்பிட்டா..."

"கூப்பிட்டா?"

"காது கேக்காத மாதிரி இருந்திருங்க."

வார்டில் இன்னொருவர்தான் இருந்தார். மூன்றாம் கட்டிலில் அப்துல் ரசாக், பாசாரில் இறைச்சிக் கடைக்காரர். ரத்தக் கொதிப்பில் இரண்டு கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிந்திருந்தது. அவருக்குக் கட்டு இல்லை. ஆனால் பார்ப்பதெல்லாம் சிவந்த மூட்டத்துக்குப் பின்னால்தான்.

"உப்பில்லாக் கஞ்சி ஊத்தறானுங்க தம்பி. நெத்திப்பொட்டுல அட்டை விடறானுங்க. இந்த ஆஸ்பத்திரியில நல்லாச் சாப்பிடறது அந்த அட்டை மட்டுந்தான் லா."

"சிரிக்க வைக்காதீங்க நானா. தலை ஆடும்."

"சரி சரி. நான் வாயைக் கட்டிக்கிறேன். நீ கண்ணைக் கட்டிக்க."

முதல் இரண்டு நாள் இப்படிப் போனது. தூரத்து மலாய்க் கம்பத்துப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு சத்தம் வந்தால் தொழுகை நேரம். டப்பா சத்தம் வந்தால் சாப்பாட்டு நேரம். வளையல் சத்தம் வந்தால் சலேஹா. கட்டிய கண்ணுக்குப் பகல் என்று ஒன்று தனியாக இல்லை.

மூன்றாம் நாள் பிற்பகல், அஸர் தொழுகை. முடிவில் கழுத்தை இறுக்கிக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்து வலப்பக்கத்து ஸலாமைச் சொன்னான். பிறகு இடப்பக்கத்து ஸலாம்.

"வஅலைக்குமுஸ் ஸலாம்."

இடது காதுக்குப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

மிகவும் மெதுவான குரல். கூடவே ஒரு மூச்சு. அந்த மூச்சு குளிர்ந்திருந்தது. நாள்பட்ட கட்டுத்துணியை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் வருமே, அந்த வாடை.

கமாலுதீன் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து யாரோ கட்டைவிரலைப் பிடித்தார்கள்.

"வின்சென்ட்."

"டிரெசர், என் இடது பக்கத்துல யாரு இருக்கா?"

"இடது பக்கத்துல சுவருண்ணே. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல என் கைகூட நுழையாது."

"சுவருக்கு அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் வெளி. இது மாடி." வின்சென்டின் குரல் சற்றுத் தாழ்ந்தது. "ஏன் கேக்கறீங்க?"

கமாலுதீன் பதில் சொல்லும் முன்பே மூன்றாம் கட்டிலிலிருந்து ரசாக் கேட்டார். "நானும் கேக்கணும்னு இருந்தேன் லா. தம்பிக்குப் பக்கத்துல ஒண்டிக்கிட்டு ஒரு ஆளு படுத்திருக்கானே, யாரு அது? தம்பி மகனா?"

"எனக்கு மகன் இல்ல நானா. ஒரே பொண்ணு."

"அப்ப என் கண்ணுல இருக்கிற ரத்தமாத்தான் இருக்கும். எதைப் பார்த்தாலும் ஆளாட்டம் தெரியுது." ரசாக் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

மறுநாள் வற்புறுத்திக் கேட்டபோது வின்சென்ட் சொல்லிவிட்டான். போன வருஷம் இதே கட்டிலில் ஹபீப் முகம்மது என்று ஒருவர் இருந்தார். இதே நோய், இதே ஊசி. பதினோரு நாள் கல்லாகக் கிடந்தார். பதினோராம் நாள் மாலை தொழுதார். மறுநாள் கட்டு அவிழ்க்கப்போகும் சந்தோஷம்.

"நான் கண்ணால பார்த்தேண்ணே. ஸலாம் சொல்லும்போது தலை வலது பக்கம் திரும்புச்சு. அப்புறம் இடது பக்கம். நான் ஓடி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. மறுநாள் கட்டைப் பிரிச்சா ஒண்ணுமே தெரியல."

"அப்புறம்?"

"சுவர்ப்பக்கம் திரும்பின முகத்தை அவரு எங்க பக்கம் திருப்பவே இல்ல. சாப்பிடல. யாரு கூப்பிட்டாலும் பேசல. மூணாவது வாரம் அப்படியே போயிட்டாரு."

"என்னை வேற கட்டிலுக்கு மாத்து."

"மாத்தினா தலை அசையும்ணே," என்றான் வின்சென்ட். அழுதுவிடுவான் போலிருந்தது. "டாக்டர்கிட்டயும் கேட்டேன். பன்னிரண்டு நாள் முடியாம தொடவே கூடாதுன்னுட்டாரு."

அதற்குப் பிறகு கமாலுதீன் இடப்பக்கத்து ஸலாமைச் சொல்வதை நிறுத்தினான். வலப்பக்கத்தோடு முடித்துக்கொண்டான். முடியாதவனுக்கு ஒன்று போதும் என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

நிறுத்திய முதல் நாள் இடப்பக்கம் அமைதியாக இருந்தது. யாரோ காத்திருப்பது போன்ற அமைதி.

ஆறாம் நாள் தொழுது முடித்ததும் மணல் ஒழுகும் சத்தம் கேட்டது.

இடது மூட்டையிலிருந்துதான். மெல்லிய, இடைவிடாத சரசரப்பு. கன்னத்தை அணைத்திருந்த கித்தான் துணி தளர்ந்துகொண்டே போனது. தலை சாய இடம் கிடைத்த மாதிரி இருந்தது. கழுத்து நரம்புகள் தெறிக்க அவன் தலையைப் பிடித்து நிறுத்தினான்.

"மிஸ்ஸி! மூட்டை ஓட்டையாயிருச்சு! மிஸ்ஸி!"

செருப்புச் சத்தம் ஓடி வந்தது. கட்டைவிரலில் கை பட்டது.

"அமலம்மாள். என்னங்க, என்ன ஆச்சு?"

"இடது மூட்டை. மணல் கொட்டுது."

அவள் குனிந்து அழுத்திப் பார்த்தாள். "நல்லா கெட்டியாத்தானே இருக்கு. ஒரு தையல்கூட விடல." கையை எடுத்தவள் தன் விரல்களைத் தேய்த்துக்கொள்வது கேட்டது. "ஈரமா மட்டும் இருக்கு. நீங்க அழுதீங்களா? கட்டு நனையக் கூடாது, தெரியுமில்ல?"

அவன் அழவில்லை.

எட்டாம் நாள் இடப்பக்கத்துக் குரலுக்கு வார்டின் பழக்கம் தெரிந்துவிட்டது.

நோயாளிகளைப் பார்க்க வரும் நேரம். கீழே ரிக்‌ஷா மணி, படியில் பேச்சுக்குரல். கட்டைவிரலை யாரோ பிடித்தார்கள்.

"சலேஹா வந்திருக்கேன்."

அவள் குரல்தான். கமாலுதீனின் உடம்பு முழுவதும் இளகியது.

"வா. உட்காரு. பிள்ளை எப்படி இருக்கா?"

"கூட்டியாந்திருக்கேன்." குரல் இப்போது தலைமாட்டில் இருந்தது. இடப்பக்கம். "கமாலுதீன், இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புங்க. ஹமீதா உங்க முகத்தைப் பார்க்கணும்னு அழறா."

ஒரு குழந்தை விசும்பும் சத்தம். அவன் மகள் அப்படித்தான் விசும்புவாள், மூச்சை உள்ளிழுத்து உள்ளிழுத்து. கழுத்து தானாக நெகிழ்ந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் சலேஹா ஒருமுறைகூட அவன் பெயரைச் சொன்னதில்லை. எழுதிக் கொடுக்க வேண்டிய இடத்தில்கூட அடுத்தவளைச் சொல்ல வைப்பாள். அவளுக்கு அவன் 'ஹமீதா வாப்பா'. தன் பெயரைச் சொல்லவே கூச்சப்படுவாள். முதல் நாள் வின்சென்ட் எவ்வளவு கெஞ்சியும், கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு "நாந்தாங்க" என்று மட்டும்தான் சொன்னாள்.

"நீ சலேஹா இல்ல," என்றான்.

விசும்பல் பாதியில் நின்றது.

"யாரு நீ?"

மூச்சு காதோடு ஒட்டிக்கொண்டது. இப்போது ஆண்குரல்.

"நான் திரும்பினேன்."

பிறகு இன்னும் கிட்டத்தில்.

"நீயும் திரும்பு."

கால் மணி நேரம் கழித்து வளையல் சத்தத்தோடு வந்த உண்மையான சலேஹா அவன் காலைப் பிடித்ததும், அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டதைக் கண்டு பயந்துபோனாள். "ஹமீதா வாப்பா, நாந்தாங்க. என்னங்க செய்யுது?" அவன் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அவள் வீட்டுக்கு அழைத்துப்போய்விடுவாள். போனால் கண் போய்விடும். கண் போனால் அவன் கையில் வேறு வேலை இல்லை. பதினேழு வயதிலிருந்து எழுத்தை மட்டும்தான் பொறுக்கியிருக்கிறான்.

"நாளைக்கு வலது பக்கம் மட்டும் நில்லு," என்றான். "இடது பக்கம் வராதே."

"அங்க சுவர்தானே இருக்கு?"

"ஆமா. வராதே."

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. மதியம் கஞ்சி குடித்தபின் கண்ணயர்ந்தான்.

பாங்கு கேட்டது. வழக்கமான தூரத்திலிருந்து அல்ல, தலைக்கு மேலேயே. பாயின் வாசனை, அத்தர் வாசனை. துணிகள் உரசும் சத்தம். யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவன் நின்றுகொண்டிருந்தான். இரண்டு தோளிலும் அடுத்தவர்களின் தோள்கள் இடித்தன. எத்தனை நாளாயிற்று வரிசையில் நின்று! முன்னால் இமாமின் குரல் ஏறி இறங்கியது. குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், நெற்றியைத் தரையில் வைத்தார்கள், எல்லாரும் ஒன்றாக. தேன் மாதிரி ஒரு நிம்மதி அவனுக்குள் இறங்கியது.

அமர்ந்தார்கள். தொழுகை முடியப்போகிறது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றது முன்னாலிருந்த குரல். வரிசை முழுவதும் வலப்பக்கம் திரும்பியது. அவன் முகமும் அவர்களோடு திரும்பத் தொடங்கியது.

வலது கன்னத்தில் ஏதோ சொரசொரவென்று பட்டது.

கித்தான் துணி. கார்பாலிக் நெடி.

பள்ளிவாசலில் மணல் மூட்டை எதற்கு?

கமாலுதீன் விழித்தான். தலை ஒரு நூல் அசைந்திருந்தது. அதற்கு மேல் இல்லை. இரண்டு கையையும் மேலே தூக்கித் தலைமாட்டுக் கம்பிகளை இறுகப் பிடித்துக்கொண்டான்.

வரிசை கலையவில்லை. இடப்பக்கம் நிறையப் பேர் மெல்ல மூச்சு விட்டபடி அவனுக்காகக் காத்திருந்தார்கள்.

அவன் திரும்பவில்லை.

ஒருவர் ஒருவராக அவர்கள் இல்லாமல் போனார்கள். கடைசியில் ஒரே ஒரு மூச்சு மட்டும் மிஞ்சியது.

வலது கன்னத்தில் ஒரு கை பதிந்தது.

ஈரமான கை. ஐந்து விரல். அது இடப்பக்கமாகத் தள்ளியது.

இடது மூட்டையிலிருந்து மணல் இறங்கும் சத்தம் தொடங்கியது.

கூப்பிட வாயைத் திறந்தால் தாடை இளகும். தாடை இளகினால் அந்தக் கையோடு தலை போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டான். கை தள்ளியது. அவன் கம்பியைப் பிடித்தான். கை இன்னும் தள்ளியது. கழுத்துக்குள் ஏதோ சொடுக்கியது. திரும்பினால் வலி நின்றுவிடும். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த மூச்சுக்கும் தெரிந்திருந்தது.

எவ்வளவு நேரம் என்று அவனால் சொல்ல முடியவில்லை.

கட்டைவிரலில் சூடான கை பட்டது.

"அமலம்மாள். மருந்து குடுக்க வந்திருக்கேன்." பிறகு அவள் குரல் மாறியது. "ஐயோ, கன்னத்துல என்ன? அஞ்சு விரலும் பதிஞ்சு கெடக்கு! தூக்கத்துல நீங்களே அறைஞ்சுக்கிட்டீங்களா?"

அவன் இரண்டு கையும் கம்பியில் பூட்டியிருந்தன. அவளும் வின்சென்டும் சேர்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார்கள்.

கடைசி இரண்டு நாளும் வின்சென்ட் அவன் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தான். இடப்பக்கம் எதுவும் பேசவில்லை. மூச்சுகூட இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை டாக்டர் கட்டை அவிழ்த்தார். முதலில் மங்கலான வெள்ளை. பிறகு ஜன்னல். பிறகு ஜன்னலுக்குக் கீழே தரை, தரையில் சலேஹாவின் பாதங்கள். கீழ்ப்பாதி உலகம் திரும்பி வந்திருந்தது. திரை இல்லை.

"ஒட்டிக்கிச்சு," என்றார் டாக்டர், இருட்டறையில் பார்த்துவிட்டு. "உங்களை மாதிரி ஒரு நோயாளியை நான் பார்த்ததில்ல."

வார்டை விட்டு வெளியேறும்போது ரசாக் கையை ஆட்டினார். "எங்க லா, உன்கூடப் படுத்திருந்தவன்? அவனையும் கூட்டிக்கிட்டே போயிரு. எனக்கு வேணாம்." கமாலுதீன் சுவர்ப்பக்கம் பார்க்காமல் படியிறங்கினான்.

அச்சகத்தில் மறுபடி எழுத்துக் கோக்கத் தொடங்கி ஒரு மாதம் ஆனது. கண்ணைக் காட்ட டாக்டரிடம் போனான். இருட்டறையில் அவர் பார்த்தார். வெளிச்சத்தைத் தணித்தார். மறுபடி பார்த்தார். மேசையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"நான் ஏழு இடத்துல சுட்டேன். இதோ, படம் போட்டு வச்சிருக்கேன். ஏழு வடு."

"ஆமா டாக்டர்."

"இப்ப எட்டு இருக்கு."

டாக்டர் படத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"எட்டாவது கிழிசலை விட்டுத் தள்ளி இருக்கு. கண்ணோட நடுவுக்குக் கொஞ்சம் கிட்ட. சுட்ட வடு மாதிரிதான் இருக்கு, ஆனா நான் போட்டது இல்ல." அவர் நோட்டை மூடினார். "உங்களுக்கு ஏதாச்சும் வித்தியாசமாத் தெரியுதா?"

"இல்ல டாக்டர்," என்றான் அவன்.

தெரிந்தது. நாலைந்து நாளாகவே தெரிந்தது. இடது கீழ்மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி. பழைய கரித்தூள் புள்ளிகள்போல் அது மிதக்கவில்லை. கண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே இடத்தில் இருந்தபடி கூடவே வந்தது. முதலில் ஓர் எழுத்தின் தலையில் வைக்கிற புள்ளியளவுதான் இருந்தது. பிறகு மிளகளவு. மிளகளவு ஆனபோதுதான் அது புள்ளி இல்லை என்று தெரிந்தது. ஒரு தலை. தலையணையில் படுத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்த தலை.

மறுநாள் அச்சகத்தில் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்றான். ஈய எழுத்தை எடுக்கக் கை நீட்டியபோது அதைப் பார்த்தான்.

நேற்றுவரை பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது.

இன்று ஒரு காதும் தெரிந்தது.